மரத்தடி எல்லைக்கல்லை ஆஃப்செட்டில் (பக்கத்துப் புள்ளிகளிலிருந்து அளந்து) எடுப்பது

தாமிரபரணிக் கரையில் மருதமரத்தடிக் கல் மேல் ரோவரை (செயற்கைக்கோள் சிக்னலால் இடம் காட்டும் கருவி) வைத்துப் பயனில்லை, மரம் சிக்னலை மறைக்கும். அங்கே ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் கிடைத்த நிலை) காட்டினாலும் நம்பாதீர்கள். வெட்டவெளியில் ஏ, பி என இரண்டு ஆணி அடித்து, பைபாடில் (இருகால் தாங்கி) ரோவர் கம்பத்தின் குமிழியை நடுவில் நிறுத்தி, ஃபிக்ஸ் வந்தபின் ஒவ்வொன்றிலும் 30 எபோக் (தனித்தனி அளவீடு) சராசரி எடுங்கள். கல்லிலிருந்து அவற்றுக்குப் போகும் கோடுகள் ஏறத்தாழ 90 பாகையில் இருக்கட்டும். கோணம் 30 பாகையாக இருந்தால் டேப்பின் 1 செ.மீ. பிழை கல்லை 2 செ.மீ. நகர்த்திவிடும்.

கல்லிலிருந்து ஏ, பி வரை தூரம் அளக்கும்போது டேப் கிடைமட்டமாக வேண்டும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் சரிந்தால் 2.5 செ.மீ. கூடுதலாகக் காட்டும், கரைச்சரிவில் தூக்குக்குண்டு இல்லாமல் அளக்காதீர்கள்.

கன்ட்ரோலரில் (ரோவரின் கைக்கணினி) இரண்டு தூரங்களையும் கொடுத்து, ஏ-யில் நின்று பி-யைப் பார்த்தால் கல் இடமா வலமா என்று சொல்லுங்கள். மாற்றிச் சொன்னால் கல் ஆற்றுக்குள் கிடக்கும்! மூன்றாவது ஆணியிலிருந்து ஒரு தூரம் அளந்து சரிபாருங்கள். கல்லின் உயரம் (மட்டம்) இதில் வராது. லெவல் கருவி வைத்துத் தனியே எடுக்க வேண்டும்.