மெரினா சிலைகளைப் பிள்ளைகளோடு பார்க்க

திருவல்லிக்கேணியில் தமிழ் ஆசிரியராக இருக்கிறேன். என் மாணவர்களை மெரினா சிலைகளைப் பார்க்கக் கூட்டிப்போவது வழக்கம். தம் பிள்ளைகளை அழைத்துப்போக நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

மாலை நான்கு மணிக்கு மேல் கிளம்புங்கள். கடலோரச் சிலைகள் பெரும்பாலும் கடலுக்கு முதுகு காட்டிச் சாலையைப் பார்த்து நிற்பவை. காலையில் வெயில் பின்னாலிருந்து அடிக்கும், முகமே தெரியாது. எதிரே மாநிலக் கல்லூரியில் கடலைப் பார்த்து நிற்கும் உ.வே.சா.வுக்குத்தான் காலை வெயில் பொருந்தும்.

உழைப்பாளர் சிலையில் தொடங்குங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் திறந்தார்கள். முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டாம். பக்கவாட்டிலும் போய்ப் பாருங்கள். பாறை ஒன்று, ஆட்கள் நான்கு பேர். யார் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, யார் முதுகு அதிகம் வளைந்திருக்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அந்த நால்வரைப் போலவே நின்றுகாட்டச் சொல்லுங்கள். பாரம் எங்கே இறங்குகிறது என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரியும். தலைவர்களின் சிலைகள் நிறைந்த ஊரில் பெயரில்லாத இந்த நால்வர்மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம்.

அப்புறம் தெற்கே நடங்கள். வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., கண்ணகி, வீரமாமுனிவர், போப், கால்டுவெல் என்று பத்துச் சிலைகளும் 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்தவை. இதைச் சொல்லிவிட்டு, “இந்தப் பத்துப் பேரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?” என்று கேளுங்கள். மூவர் வெளிநாட்டவர் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் போப், திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதியவர் கால்டுவெல், சதுரகராதி தொகுத்தவர் வீரமாமுனிவர். பத்துச் சிலைகளிலும் நின்று பாடம் நடத்தினால் சின்னப் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். மூன்று நான்கு போதும்.

கண்ணகியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2001 டிசம்பரில் அகற்றப்பட்ட சிலை, 2006 ஜூனில் கடற்கரைக்குத் திரும்பியது. வைத்த சிலையை எடுக்கவும் முடியும், மக்கள் கேட்டால் அது திரும்பவும் முடியும் என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் அவசியம் பேசுங்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னை ஆளுநராக இருந்த மன்றோவின் சிலையை இதே நாளில் சேர்க்க வேண்டாம், அது தீவுத்திடல் பக்கம். அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) இல்லாத அந்தக் குதிரைச் சவாரியைப் பார்க்க ஒரு ஞாயிறு காலை, வண்டி குறைவான நேரத்தில் போங்கள். சிலை நிற்பது சாலை நடுவில். நடைபாதையில் நின்றே காட்டுங்கள்.