அணைத்தாயிற்று என்று நினைத்த பீடி: வீட்டுக்குள் புகைப்பவர்கள் செய்யும் தவறுகள்

பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புழு மனைக்குள் யாரும் பீடியோடு நுழையக் கூடாது. புகையிலை புழுவுக்கு ஆகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுப் பெரியவரே ஆனாலும் வாசலில் அணைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அதே பெரியவர் ராத்திரி பேரன் பக்கத்தில் தூங்கும்போது கட்டிலில் சாய்ந்தபடி பீடி பற்றவைப்பார். அதை யாரும் தடுப்பதில்லை. இது மாற வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பெரியப்பா வீட்டில் நடந்தது இது. இரவு பத்து மணிக்குக் கடைசி பீடியைக் கட்டில் சட்டத்தில் நசுக்கிவிட்டுப் படுத்தார். விடியற்காலை வெளியே போக எழுந்த பெரியம்மா, திரும்பி உள்ளே வந்தபோதுதான் அறை முழுக்கப் புகை இருப்பதைக் கவனித்தார். இலவம் பஞ்சு மெத்தையின் ஓரத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை, அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். தீ எரியவே இல்லை. ஒரு குடம் தண்ணீரை ஊற்றி மெத்தையை வெளியே இழுத்துப் போட்டார்கள். காலை எட்டு மணிக்கு அது மறுபடியும் புகைந்தது.

புகைப்பதால் வரும் தீ பெரும்பாலும் இப்படித்தான் வரும். இழுக்கும்போது சிகரெட்டின் நுனி 700 டிகிரி செல்சியஸையும் தாண்டும். சும்மா கனிந்துகொண்டிருக்கும்போதும் பஞ்சைப் பற்றவைக்கும் சூடு அதில் இருக்கும். பஞ்சு உடனே தீப்பிடித்து எரியாது. கங்கு உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் தின்றுகொண்டு போகும். போதிய காற்று கிடைத்ததும் திடீரென்று தீயாகும். அதற்குள் பற்றவைத்தவர் அதை மறந்தே போயிருப்பார். இப்போது பல வீடுகளில் இலவம் பஞ்சுக்குப் பதில் ஃபோம் மெத்தையும் சோபாவும் வந்துவிட்டன. அவை எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். தீ உடம்பைத் தொடும் முன்பே ஆளைக் கொல்கிற புகை அது.

‘புகை வந்தால் நெடியில் விழித்துக்கொள்வோம்’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் மூக்கு அப்படி எழுப்பாது. கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே கிடையாது, தூக்கத்தை இன்னும் ஆழமாக்கிவிடும். பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்றைப் படுக்கையறைக்கு வெளியே கூரையில் மாட்டுவது நல்லது.

படுக்கையில் புகைக்கவே கூடாது. குடித்திருக்கும்போதோ தூக்க மாத்திரை போட்ட பிறகோ புகைப்பது இன்னும் மோசம். அப்படிப்பட்ட இரவுகளில் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வீட்டில் இருப்பவர்கள் எடுத்து வைத்துவிட வேண்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மார்கழிக் குளிரில் தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கம்பளிக்குள்ளேயே புகைப்பவர்கள் உண்டு. விலை குறைவு என்று வாங்கும் கம்பளிகள் பெரும்பாலும் செயற்கை இழை. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த தவறு, துண்டை எங்கே போடுகிறோம் என்பதில். பாதி குடித்த பீடியை அணைத்துச் சட்டைப் பையில் வைத்து, சட்டையை ஆணியில் மாட்டுவது. காகிதமும் பாலித்தீன் பையும் கிடக்கிற குப்பைக்கூடையில் சாம்பல் கிண்ணத்தைக் கவிழ்ப்பது. மாடித் தோட்டத் தொட்டியில் குத்தி அணைப்பது. தொட்டியில் மண்தானே இருக்கிறது என்று நினைப்போம். காய்ந்த தேங்காய் நார்க்கழிவாக இருந்தால் அதுவும் பஞ்சு மாதிரி உள்ளுக்குள் கனலும். வைக்கோல் போர், சோளத்தட்டு, கொட்டகைக் கூரை பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தகர டப்பாவில் பாதி தண்ணீர் வைத்து, துண்டையும் தீக்குச்சியையும் அதில் போட்டால் போதும். இதற்குக் காசு பணம் செலவில்லை.

சமையலறையில் புகைப்பதும், அடுப்பில் குனிந்து பீடி பற்றவைப்பதும் தனிப் பிரச்சினை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். கசிவு தெரிய வேண்டும் என்றுதான் அதில் நெடி சேர்க்கிறார்கள். ஆனால் நாள்பட்டுப் புகைப்பவர்களுக்கு மோப்பம் மங்கியிருக்கும். வீட்டில் எல்லோரையும்விடத் தாமதமாக அந்த நெடியை உணரப் போகிறவர் கையில்தான் தீக்குச்சி இருக்கிறது. நெடி வந்தால் கதவு ஜன்னலைத் திறந்து, சுவிட்சைப் போடவும் அணைக்கவும் செய்யாமல், ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். பெட்ரோல் ஆவியும் இதேபோல் தரையில்தான் படரும். பைக்கை ராத்திரி கூடத்துக்குள் ஏற்றி வைக்கிறோம். பங்க் தூரமாக இருக்கும் மலைக் கிராமங்களில் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வாங்கி வைக்கிறோம். அதே கூடத்தில் பீடி பற்றவைக்கலாமா?

அப்புறம், நுரையீரல் நோய்க்கு வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரே ஒரு இழுப்பு என்பார்கள். துணியிலும் படுக்கையிலும் ஆக்சிஜன் ஊறி நிற்கும், அப்போது ஒரு பொறி பட்டாலும் தீ வெகு வேகமாகப் பரவும். அந்த அறையில் யாருமே புகைக்கக் கூடாது, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் உட்பட.

பொது இடங்களில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க அமலில் இருக்கிறது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது, நாம்தான் சொல்ல வேண்டும். திண்ணைக்குப் போகச் சொல்லுங்கள், ஓசூரில் நான்கைந்து பேர் தங்கும் அறை என்றால் மாடிக்குப் போகச் சொல்லுங்கள். விட்டுவிட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது.

தீப்பிடித்தே விட்டால், சிலர் எரியும் மெத்தையை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வழியில் காற்றுப் பட்டு இன்னும் கொழுந்துவிட்டு எரியும். கனல் சின்னதாக இருந்தால் இருந்த இடத்திலேயே குடம் குடமாக ஊற்றி நனைத்த பிறகு வெளியே கொண்டுபோங்கள், அன்று முழுக்க அதன்மேல் ஒரு கண் இருக்கட்டும். தீ எழுந்துவிட்டால் பிள்ளைகளோடு தரையோடு தவழ்ந்து வெளியேறி, கதவைச் சாத்திவிடுங்கள். பணம், நகை என்று திரும்பிப் போகாதீர்கள். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். இங்க், பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம். 101-க்கோ 112-க்கோ பேசும்போது ஊர்ப் பெயரோடு பக்கத்துப் பெரிய கிராமத்தையும் சொல்லி, ஒருவரைத் தார்ச்சாலைப் பிரிவில் டார்ச்சோடு நிறுத்துங்கள். ராத்திரி நேரத்தில் தீயணைப்பு வண்டி வழி தேடி நிற்கக் கூடாது.