ஏஐ எழுதிக் குடுத்ததை அப்படியே போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி: ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு

இன்ஸ்டால மரச்செக்கு எண்ணெய் விக்கிற பேஜ் ஒரு பத்து திறந்து கேப்ஷனை மட்டும் வரிசையா படிச்சுப் பாருங்க. "பாரம்பரியத்தின் சுவை, ஆரோக்கியத்தின் உறுதி", நடுவுல ரெண்டு இலை எமோஜி, கடைசில "இன்றே ஆர்டர் செய்யுங்கள்". கடை பேரை மறைச்சுட்டா எது காங்கேயம் கடை எது தென்காசி கடைன்னு ஓனருக்கே தெரியாது. எல்லாரும் ஒரே டூல்ல ஒரே மாதிரி ஒத்த வரி டைப் பண்ணி, வர்றதை அப்படியே ஒட்டினா இப்படித்தான் வரும். சரி, போர் அடிச்சா தள்ளி விட்டுட்டு போயிடுவாங்க, அதோட போச்சு. ஆனா அந்த வழவழ வரிக்குள்ள நீங்க சொல்லவே இல்லாத ரெண்டு மூணு விஷயம் உக்காந்திருக்கும் பாருங்க, அதுக்கு நாளைக்கு பதில் சொல்ல வேண்டியது சாட்ஜிபிடி இல்ல, பில்லுல பேர் போட்டிருக்கிற நீங்க.

நான் எண்ணெயையே உதாரணமா வச்சுக்கிறேன், இந்த மாதிரி பேஜுக்கு எழுதுறதுதான் என் வேலைங்கிறதால அது கை வந்த சமாச்சாரம். நீங்க புடவையோ சோப்போ ஊறுகாயோ விக்கலாம், வேலை பெரும்பாலும் ஒண்ணுதான்.

முதல்ல ஒரு தகவல் தாள் எழுதுங்க

ஏஐக்கு உங்க கடையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னு சொல்லிட்டு சும்மா இருந்தா பரவாயில்ல, அது காலி இடத்தை எல்லாம் தானா நிரப்பும், அதுவும் ரொம்ப தெம்பா. பெரிய ஆளுங்களே இதுல மாட்டியிருக்காங்க. அமெரிக்காவுல சிநெட்னு பெரிய டெக் வெப்சைட், 2022 கடைசில பணம் சம்பந்தமான 77 கட்டுரையை ஏஐ வச்சு எழுதிப் போட்டாங்க, அப்புறம் அதுல 41க்கு திருத்தம் போட வேண்டியதாச்சு. ஒரு கட்டுரைல 10,000 டாலரை 3 சதவீத வட்டில போட்டா ஒரு வருஷத்துல 10,300 டாலர் சம்பாதிப்பீங்கன்னு இருந்துச்சு. சம்பாத்தியம் 300 தான, அசலையும் சேர்த்து எண்ணிடுச்சு. எட்டாங்கிளாஸ் பையன் பிடிச்சிடுவான், ஆனா வாக்கியம் அவ்வளவு சுத்தமா இருந்ததால யாரும் கணக்கைப் பாக்கல.

அதனால டூலைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் நீங்களே எழுதி வையுங்க. கடலை எங்க வாங்குறீங்க, மண்டியிலயா விவசாயிகிட்டயா, செக்கு வாகை மரமா வேற மரமா, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ பருப்பு போகுது, நல்லெண்ணெய்க்கு கருப்பட்டி சேர்க்கிறீங்களா, எத்தனை நாள் வெயில்ல தெளிய வைக்கிறீங்க, டின்னா பாட்டிலா, எத்தனை மாசம் தாங்கும், எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர், டெலிவரி எத்தனை நாள், ஒழுகி வந்தா என்ன பண்ணுவீங்க. இவ்வளவுதான். பேச்சுத் தமிழ்ல கிறுக்கினா போதும்.

அதை முழுசா ஒட்டிட்டு கூடவே "இதுல இருக்கிறதை மட்டும் வச்சு எழுது, இல்லாத எதையும் சேர்க்காதே, தகவல் பத்தலன்னா என்கிட்ட கேள்" அப்படின்னு சொல்லுங்க. அப்பவும் அது கொஞ்சம் நுழைக்கும், அது சுபாவம். அதனால வந்ததை வரி வரியா படிச்சு ஒவ்வொண்ணுக்கும் "இதை நான் சொன்னேனா?"ன்னு கேளுங்க. சொல்லலன்னா அடிச்சிடுங்க, எவ்வளவு அழகா இருந்தாலும். "மூன்று தலைமுறை அனுபவம்"னு எழுதும், கடை ஆரம்பிச்சது கொரோனாவுக்கு அப்புறமா இருக்கும். "ஆர்கானிக் நிலக்கடலை"ன்னு எழுதும், நீங்க வாங்கினது சாதா மண்டி கடலை. ஆர்கானிக்னு போட்டு விக்கணும்னா மத்திய அரசோட ஆர்கானிக் திட்டங்களான என்பிஓபி, பிஜிஎஸ் இந்தியா ரெண்டுல ஒண்ணோட சான்று வேணும், நேரா விக்கிற சின்ன விவசாயிங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஏஐக்கு அது வெறும் அலங்கார வார்த்தை, உங்களுக்கு அது சட்டம்.

உடம்பு, நோய் பத்தி வர்ற வரியை தனியா எடுத்துப் பாருங்க

இது ஒண்ணை மட்டும் செஞ்சாலே பாதி ஆபத்து போயிடும்னு நினைக்கிறேன், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம். கடலை எண்ணெய்க்கு ஒரு கேப்ஷன் கேட்டா வழக்கமா வர்றது இந்த மாதிரி இருக்கும்:

"எங்கள் மரச்செக்கு கடலை எண்ணெய் பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்டு, இதயத்தைப் பாதுகாத்து, கொலஸ்ட்ராலைக் குறைத்து, சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்தி, உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியத்தை உறுதி செய்கிறது."

ஒரே வாக்கியம்தான். சர்க்கரை வியாதியை சரி பண்ணும், தடுக்கும்ங்கிற மாதிரி விளம்பரம் பண்றது 1954ஆம் வருஷத்து மருந்து, மந்திர வைத்திய ஆட்சேப விளம்பரச் சட்டத்துல வரும், அந்தச் சட்டத்தோட நோய்ப் பட்டியல்ல டயாபடிஸ் பேரே இருக்கு. எண்ணெய் லேபிள்லயும் விளம்பரத்துலயும் கொலஸ்ட்ராலை எதிர்க்கும், இதயத்துக்கு இதம் அப்படிங்கிற வார்த்தைகளைப் போடக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ விதியிலயே பட்டியல் போட்டு சொல்லியிருக்காங்க. 2018ல வந்த விளம்பர விதிகள்ல "சுத்தமான", "பாரம்பரிய", "இயற்கையான" மாதிரி வார்த்தைக்கும் நிபந்தனை இருக்கு, இஷ்டத்துக்கு தூவ முடியாது. இதுக்கெல்லாம் மேல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தப்பான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம், திரும்ப செஞ்சா 50 லட்சம் வரைக்கும். மாசம் நாப்பது டின் விக்கிற ஆளு மேல உடனே பாய மாட்டாங்கதான். ஆனா போட்டிக் கடைக்காரர் ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து புகார் குடுத்தா போதும், "ஏஐ எழுதிச்சு சார்"னு சொல்லி எங்கயும் தப்பிக்க முடியாது.

அப்ப என்னதான் எழுதறது? அதே தகவல் தாள்ல இருந்து ஒண்ணை எடுங்க:

"ஒரு லிட்டருக்கு எங்களுக்கு ரெண்டரை கிலோ கடலைப்பருப்பு போகுது. பருப்பு கிலோ என்ன விலைன்னு உங்க ஊரு கடைல கேட்டுப் பாருங்க, அதை ரெண்டரையால பெருக்குங்க. அப்புறம் எங்க விலையைப் பாருங்க."

இதுல ஆரோக்கியம் இல்ல, பாரம்பரியம் இல்ல, ஒரு எமோஜி கூட இல்ல. ஆனா படிக்கிறவங்க மனசுல கால்குலேட்டர் ஓட ஆரம்பிச்சிடும், லிட்டர் நூத்தம்பதுக்கு செக்கு எண்ணெய்னு விக்கிறவங்க மேல சந்தேகமும் தானா வந்துடும், நீங்க யாரையும் குறை சொல்லவே வேண்டாம். இந்த வரியை ஏஐ தானா எழுதாது, ஏன்னா அந்த ரெண்டரை கிலோ கணக்கு உங்க செக்குல இருக்கு.

வாட்ஸ்அப்தான் உங்க சுரங்கம்

கஸ்டமர் மெசேஜை மேல தள்ளிப் பாருங்க. "அண்ணா அடியில மண்டி நிக்குதே, கலப்படமா?" "அக்கா வடை சுடும்போது நுரை பொங்கி வழியுது, ஏன்?" "போன தடவை இருந்த வாசனை இந்தத் தடவை இல்லையே." ஒவ்வொண்ணும் ஒரு போஸ்ட். மிஷின்ல ஃபில்டர் பண்ணாம வெயில்ல வச்சு தெளிய விடுறதால மண்டி கொஞ்சம் தங்கும், ரீஃபைண்ட் பண்ணாத எண்ணெய்ல பசைத்தன்மையும் லேசா ஈரமும் இருக்கிறதால நுரைக்கும், அதனால சட்டியில பாதிக்கு மேல ஊத்தாதீங்க, ஒரு துண்டு புளி போட்டா அடங்கும்னு நம்ம வீடுகள்ல சொல்வாங்க. இதை நீங்க ஃபோன்ல வாய்ஸ் நோட்டா பேசி, அதை ஏஐகிட்ட குடுத்து "என் பேச்சு மாறாம சுருக்கு"ன்னு சொன்னா அழகா செஞ்சு குடுக்கும். பழைய மெசேஜ் ஒரு நூறை ஒட்டி எந்தக் கேள்வி அதிகமா வருதுன்னு பிரிச்சுக் கேட்டாலும் நல்லா பிரிக்கும், கஸ்டமர் பேர், நம்பர், அட்ரஸ் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒட்டுங்க. ஏஐயை வேலை வாங்க வேண்டிய இடம் இதுதான், நான் வேணாம்னு சொல்ற ஆள் இல்ல.

படம்

2024 பிப்ரவரில ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல ஒரு சாக்லேட் உலகம்னு குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தினாங்க. விளம்பரம் முழுக்க ஏஐ படம், மிட்டாய்க் காடு, கலர் ஆறு, என்னென்னமோ. டிக்கெட் 35 பவுண்ட் வரைக்கும். போய்ப் பாத்தா ஒரு வெறும் கிடங்கு, நாலு அலங்காரம், குழந்தைங்க அழுகை, கடைசில போலீஸ் வந்து, அன்னிக்கே இழுத்து மூடினாங்க. வேடிக்கை என்னன்னா போஸ்டர்லயே அர்த்தமே இல்லாத இங்கிலீஷ் வார்த்தைங்க இருந்துச்சு, போட்டவங்க தன் போஸ்டரையே படிக்கல.

பொருள் படம் உங்க ஃபோன்லதான் எடுக்கணும், இதுல பேச்சே இல்ல. காலை வெளிச்சத்துல ஜன்னல் பக்கம் பாட்டிலை வச்சு எடுங்க, மண்டி தெரிஞ்சா தெரியட்டும். புடவை விக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏஐ மாடல் மேல போர்த்தின புடவைல பார்டர் அகலமும் மாறும் கலரும் மாறும், பார்சல் ரிட்டர்ன் வந்தா ரெண்டு பக்க கூரியர் காசும் உங்க தலைல. பேக்ரவுண்டை சுத்தம் பண்ணவோ பண்டிகை வாழ்த்து கார்டுக்கோ ஏஐ வச்சுக்கலாம். அதுல தமிழ் எழுத்து இருந்தா பெரிசாக்கி ஒவ்வொரு எழுத்தா பாருங்க, கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும்.

ரிவியூ, அவசரம்

ஏஐ வச்சு ரிவியூ எழுதாதீங்க, ஒண்ணு கூட. அமெரிக்காவுல நுகர்வோர் விவகாரத்தைப் பாக்கிற எஃப்டிசி 2024ல போட்ட விதில ஏஐ எழுதின போலி ரிவியூவையும் சேர்த்தே தடை பண்ணிட்டாங்க, இங்க ஆன்லைன் ரிவியூவுக்குன்னே பிஐஎஸ் (ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கிற அமைப்பு) 2022ல ஐஎஸ் 19000னு ஒரு தரம் கொண்டு வந்திருக்கு. அதே மாதிரி "இன்னும் 3 பாட்டில் மட்டுமே!"ன்னு ஏஐ பழக்க தோஷத்துல எழுதும், குடோன்ல முன்னூறு இருக்கும். 2023 நவம்பர்ல மத்திய அரசு போட்ட டார்க் பேட்டர்ன் (வாங்குறவங்களை ஏமாத்தி வாங்க வைக்கிற தந்திரங்கள்) வழிகாட்டுதல்ல பொய் அவசரம் காட்டுறது முதல் ஐட்டமே.

மொத்தமா போட்டுத் தள்றது

ஒரே ராத்திரில இருநூறு ப்ளாக் எழுதிப் போட்டா கூகுள்ல மேல வரலாம்னு யாராவது பேக்கேஜ் விக்க வந்தா காசு குடுக்காதீங்க. ஏஐ எழுதினதுங்கிறதுக்காக மட்டும் கூகுள் தள்ளி வைக்கிறது இல்ல, ஆனா ரேங்குக்காக மட்டும் பிரயோஜனமில்லாத பக்கங்களை மூட்டை மூட்டையா போடுறதை 2024 மார்ச்ல ஸ்பேம் விதில சேர்த்துட்டாங்க, அது மனுஷன் எழுதினாலும் சரி மிஷின் எழுதினாலும் சரி. லிஸ்டிங் மொத்தமா ஏத்துறவங்களும் பாத்துக்கங்க. 2024 ஜனவரில அமேசான்ல பொருள் பேர் இருக்க வேண்டிய இடத்துல "மன்னிக்கவும், இந்தக் கோரிக்கையை என்னால் நிறைவேற்ற முடியாது, இது ஓபன்ஏஐ கொள்கைக்கு எதிரானது"ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல எழுதியிருந்த சாமான்லாம் விற்பனைக்கு நின்னுச்சு. யாரும் ஒரு தடவை கூட கண்ணால பாக்காம ஏத்தியிருக்காங்க.

சாட்பாட் வச்சிருந்தா

வெப்சைட்லயோ வாட்ஸ்அப்லயோ பதில் சொல்ற பாட் போட்டிருந்தா, அது சொல்றது நீங்க சொன்ன மாதிரிதான். ஏர் கனடா விமானக் கம்பெனி கதையைக் கேளுங்க. பாட்டி இறந்துட்டாங்கன்னு டிக்கெட் போட்ட ஒருத்தர்கிட்ட, துக்கத்துக்குக் குடுக்கிற சலுகையை 90 நாளுக்குள்ள பின்னாடி கேட்டு வாங்கிக்கலாம்னு பாட் சொல்லிடுச்சு, கம்பெனி விதில அப்படி கிடையாது. பாட் தனி ஆள் மாதிரி, அது சொன்னதுக்கு நாங்க பொறுப்பில்லங்கிற தோரணைல வாதாடினாங்க, 2024 பிப்ரவரில பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏத்துக்கல, எல்லாம் சேர்த்து 812 கனடா டாலர் குடுக்கச் சொல்லிடுச்சு. தொகை சின்னதுதான், ஆனா உலகம் பூரா நாறிப்போச்சு.

நாலு கேள்வியை பாட்கிட்ட விடாதீங்க: விலை குறைப்பு, ரிட்டர்ன், கெட்டுப்போச்சான்னு கேக்கிறது, "எங்கம்மாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆகியிருக்கு, இந்த எண்ணெய் குடுக்கலாமா" மாதிரி கேள்வி. இதெல்லாம் வந்தா "கொஞ்சம் இருங்க, கடைல இருந்து கூப்பிடுவோம்"னு மட்டும் சொல்லுற மாதிரி செட் பண்ணுங்க. கடைசிக் கேள்விக்கு மனுஷன் சொல்ல வேண்டிய பதிலும் "டாக்டரைக் கேளுங்க" மட்டும்தான். செட் பண்ணிட்டு நீங்களே வேற நம்பர்ல இருந்து மாத்தி மாத்தி, எழுத்துப்பிழையோட, தங்கிலீஷ்ல, கோபமா எல்லாம் கேட்டு சோதிங்க, கஸ்டமர் அப்படித்தான் கேப்பாங்க.

ஏற்கனவே போட்டதை எப்படி சுத்தம் பண்றது

பழைய போஸ்ட் எல்லாத்தையும் படிக்க நேரம் இருக்காது. பேஜ்லயும் வெப்சைட்லயும் சர்க்கரை, கொலஸ்ட்ரால், இதயம், கேன்சர், எடை, ஆர்கானிக், 100%, உறுதி, தலைமுறை, இந்த வார்த்தைங்களைத் தேடி, வந்ததை மட்டும் திருத்துங்க இல்ல தூக்குங்க. இன்ஸ்டால அப்படித் தேடுறது கஷ்டம், கேப்ஷனை கையாலதான் பாக்கணும், அதிகமா ஷேர் ஆனதுல இருந்து ஆரம்பிங்க. காசு போட்டு ஓடிட்டிருக்கிற விளம்பரத்தை எல்லாத்துக்கும் முன்னாடி பாருங்க. வாட்ஸ்அப் கேட்டலாகும் அமேசான், மீஷோ லிஸ்டிங்கும் அடிக்கடி மறந்து போற இடம், அங்க பழைய விவரம் அப்படியே கிடக்கும். அப்புறம் பிரிண்டரை கூப்பிட்டு அடுத்த லாட் ஸ்டிக்கருக்கு என்ன மேட்டர் அனுப்பியிருக்கீங்கன்னு கேளுங்க, அதுவும் பெரும்பாலும் அதே கேப்ஷன்ல இருந்து வெட்டி ஒட்டினதாத்தான் இருக்கும்.