இரண்டு 29-இல் ஒன்று

கோத்தகிரியில் எங்கள் தோட்டத்து இலை, நாலு மூட்டை. தராசு மேல் சந்தேகம் வந்ததால் ஒவ்வொன்றையும் தனியாகவும், அப்புறம் இரண்டிரண்டாகச் சேர்த்தும் நிறுத்தோம். தம்பி எடைகளை மட்டும் சிறியதிலிருந்து வரிசையாக எழுதிவிட்டான். எது மூட்டை, எது கூட்டல் என்று குறிக்கவில்லை. இலை வண்டியும் போய்விட்டது.

12, 17, 29, 29, 41, 43, 46, 55, 60, 72.

29 தவறிப்போய் இரண்டு தடவை விழுந்திருக்கிறது என்று நினைத்து ஒன்றை அடித்துவிட்டேன். அதிலேயே இரண்டு நாள் போனது. சிறிய நாலு எண்களை மூட்டை என்று வைத்தால் 12-ம் 41-ம் சேர்ந்து 53, பட்டியலில் இல்லை. 29-ஐக் கூட்டல் என்று தள்ளினாலும் அதே 41, அதே 53.

மூன்றாம் நாள்தான் எண்ணிப் பார்த்தேன். நாலு மூட்டை, ஆறு ஜோடி, ஆக 10 எண் வேண்டும்; என்னிடம் 9. அடித்ததைத் திரும்பச் சேர்த்தேன்.

எடை எதுவும் பூஜ்ஜியமாக இருக்காது, அதனால் மிகச் சிறிய இரண்டும் மூட்டைகளே. 12-ம் 17-ம் 29: ஒரு 29-ஐ மட்டும் அடித்தேன். மிச்சத்தில் சிறியது இன்னொரு 29, அது மூட்டை. அதோடு 41, 46 போயின. அடுத்தது 43, அதுவும் மூட்டை; அதோடு 55, 60, 72 மூன்றும் தீர்ந்தன.

பத்தையும் கூட்டினால் 404. ஒவ்வொரு மூட்டையும் நாலு தடவை வருவதால் நாலால் வகுத்தேன்: 101. நாலு மூட்டையின் மொத்தமும் அதுவே. அப்பாடா!