லைக்கன் பற்றி இணையத்தில் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு ரீல்ஸ் பார்த்தேன். காரைக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் மாமரப் பட்டையில் ஒட்டியிருந்த லைக்கனைக் காட்டி, "நம்ம செட்டிநாட்டு மசாலாவுல போடுற கல்பாசி இதுதான்" என்கிறார். ஊர், தெரு எல்லாம் கீழே இருக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதையேதான் நானும் ஒரு காலத்தில் செய்தேன். மங்கலான படம், எழுத்துப் பிழையெல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கல்பாசியைக் காட்டி ஆள் சேர்ப்பது

ஆசை புரிகிறது. மரப்பட்டையிலும் பாறையிலும் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும் லைக்கன் என்றால் யாரும் நின்று பார்ப்பதில்லை. கல்பாசியும் ஒரு லைக்கன்தான், ஆனால் கல்பாசி என்றால் இங்கே தெரியாத வீடில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஊருணிக் கரையில் நின்ற பழைய மகிழமரம். பட்டையில் சாம்பல் பச்சைத் திட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றி, பேனாவால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு. "கல்பாசியின் சொந்தக்காரர் நம்ம ஊரிலும் உண்டு" என்று எழுதி, ஊருணியின் பெயரையும் போட்டேன். ஊரெல்லாம் பகிர்ந்தார்கள்.

பத்து நாள் கழித்துப் போனேன். ஆள் உயரத்துக்குப் பட்டையைச் சுரண்டியிருந்தார்கள். உள்பட்டை சிவந்து தெரிந்தது. சுரண்டியவர் பக்கத்துத் தெரு ஆச்சி. "நீதானப்பா போட்டிருந்தே, கொழம்புக்கு ஆகுமேன்னு எடுத்தேன்" என்றார். ஆச்சியைச் சொல்லி என்ன பயன்? எழுதியவன் நான்.

கல்பாசி குளிர்ந்த மலைகளின் சரக்கு. இலைபோலப் படரும், உரித்தால் கையோடு வரும். நம் மரங்களில் பெரும்பாலும் இருப்பது பொருக்கு வகை. பட்டையோடு பட்டையாக ஒட்டிப்போனது, செதுக்காமல் வராது. பொருக்கு வகைகளில் பல, ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலத் திட்டுக்குப் பின்னால் பல வருடம் இருக்கிறது. காற்றில் வரும் உலோகத் துகள்களையும் லைக்கன் தன்னில் சேர்த்துக்கொள்ளும் என்பதால், சாலையோரத்து லைக்கனைக் குழம்பில் போடுவது ஆபத்து.

கல்பாசியைப் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் "அது மலையிலிருந்து வருவது, இங்கே இருப்பது சமையலுக்கு ஆகாது" என்பது முதல் வரியில் இருக்கட்டும். பத்தாவது வரியை யாரும் படிப்பதில்லை. இடத்தை மாவட்டத்தோடு நிறுத்துங்கள். உயிரினங்களைப் படமெடுத்துப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடத்தை மறைத்துப் பதியும் வசதியே இருக்கிறது.

வரையறையில் தொடங்குவது

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிரி என்பது உண்மைதான். 1867இல் சுவிஸ் தாவரவியலாளர் ஷ்வென்டனர் அதைச் சொன்னபோது லைக்கன் ஆய்வாளர்கள் பலரே ஏற்கவில்லை. நம் வாசகர் மட்டும் முதல் வரியிலேயே ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? காய்ந்த லைக்கன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு வீடியோ எடுங்கள். மேல்தோல் நனைந்ததும் உள்ளே இருக்கும் பாசி தெரிந்து, சாம்பல் நிறம் பச்சையாகும். அதைப் பார்த்தவர் "ஏன்?" என்று கேட்பார். வரையறையை அப்போது சொல்லுங்கள்.

போட்டோவைப் பார்த்து இனப்பெயர் சொல்வது

வேண்டாம். பல இனங்களுக்கு வேதிச் சோதனை செய்யாமல் நிபுணர்களே பெயர் சொல்வதில்லை.

"மரத்துக்கு நோயா?" என்ற கேள்வியைத் தள்ளிப்போடுவது

லைக்கனுக்கு வேர் கிடையாது. உணவு, உள்ளே இருக்கும் பாசி வெயிலில் தயாரிப்பது, மரத்திலிருந்து எடுப்பதில்லை. இந்த இரண்டு வரியை எழுதி வைத்துக்கொண்டு, கேள்வி வந்த அன்றே அனுப்புங்கள். தேவகோட்டைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர், தென்னையில் வெள்ளைத் திட்டு என்று படம் அனுப்பிக் கேட்டிருந்தார். நான் பதில் சொல்ல மூன்று நாளானது. அதற்குள் நோய் என்று நினைத்து, நாற்பது மரத்துக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துவிட்டார்.