பழைய நீரடி ஸ்கூட்டரைத் திருத்தும்போது விடக்கூடாத பிழைகள்

சுழியோடியைத் தண்ணீருக்கடியில் இழுத்துச் செல்லும் மோட்டர் கருவிதான் நீரடி ஸ்கூட்டர். பாவித்த ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் கேட்பது, "இதை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட வைக்கலாமா?" என்பதுதான். டெக்னா, அக்வாசெப் போன்ற பழைய இயந்திரங்கள் ஈய-அமிலப் பற்றரியில் ஓடியவை. அந்தப் பற்றரியின் பாரத்தை வைத்தே அவற்றின் மிதப்பைக் கணக்கிட்டார்கள். பற்றரியில் கைவைத்தால் மிதப்பு, சார்ஜர், மோட்டர், சுவிச் எல்லாவற்றிலும் கைவைத்தது போலத்தான். இதை மறப்பதில்தான் மற்றப் பிழைகள் தொடங்குகின்றன.

உயிரை எடுக்கக்கூடியதை முதலில் சொல்கிறேன்: மூடியபடி சார்ஜ் செய்வது. ஈய-அமிலப் பற்றரி 'சீல்' செய்ததாக இருந்தாலும், சார்ஜ் ஏறும்போது ஐதரசன் கசியும். அளவு மீறி ஏற்றினால் இன்னும் அதிகம். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றும். ஸ்கூட்டருக்குள் மிச்சமிருக்கும் இடமோ சில லீற்றர்தான். பழைய மோட்டரின் பிறஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) ஓடும்போதெல்லாம் பொறி விடும், மோட்டருக்கு மின்சாரத்தை இணைத்து வெட்டும் றிலேயும் விடும். சுவிச்சை அழுத்திய கணத்தில் ஸ்கூட்டர் வெடித்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. மூடியைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் செய்யுங்கள். முடிந்த பிறகும் சில மணிநேரம் திறந்தே வையுங்கள். சில இயந்திரங்களுக்குள் ஐதரசனை நீராக மாற்றும் ஊக்கித் துண்டு ஒன்று இருக்கும். தேவையில்லாத சாமான் என்று அதை எறிந்துவிடாதீர்கள்.

லிதியத்துக்கு மாறினால் இந்த ஆபத்து போகும், வேறு சிக்கல்கள் வரும். 12 வோல்ற், 18 அம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரி இரண்டு சேர்ந்து ஏறத்தாழ 11 கிலோ. அதே கொள்ளளவு லிதியம் இரும்பு பொஸ்பேற்றில் 5 கிலோவுக்குள் அடங்கிவிடும். குறைந்த 6 கிலோவை ஈயக்கட்டியாகத் திருப்பி வைக்காவிட்டால் ஸ்கூட்டர் உங்களை மேலே இழுக்கும். அந்தக் கட்டி பழைய பற்றரி இருந்த இடத்திலேயே, அடிப்பக்கத்தில், அசையாமல் இருக்கவேண்டும். மேல்பக்கத்தில் வைத்தால் ஸ்கூட்டர் கைக்குள் உருளப் பார்க்கும். பழைய சார்ஜர் ஈய-அமிலப் பற்றரிக்கானது, அதையும் பாவிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். லிதியம் பொதியின் பாதுகாப்புச் சுற்று, மோட்டர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காவிட்டால் நடுக்கடலில் அதுவே மின்சாரத்தை வெட்டிவிடும். பழைய லப்டொப் செல்களைச் சேர்த்துக் கட்டிய பொதியை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மிதப்பை எங்கே பார்க்கிறோம் என்பதும் முக்கியம். வீட்டுத் தொட்டியில் சரிபார்த்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. நன்னீரைவிடக் கடல்நீர் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. 30 லீற்றர் கொள்ளளவுள்ள ஸ்கூட்டரில் அது முக்கால் கிலோ வித்தியாசம். மட்டக்களப்பு வாவியை நம்பியும் பயனில்லை. மாரியில் வெள்ளம் இறங்கும்போது ஒரு உப்பு, முகத்துவாரம் வெட்டிய பிறகு வேறு உப்பு. போதாததற்குக் கலங்கலும் முதலையும். பாசிக்குடாவின் ஆழமற்ற கடலில், குளிப்பவர்கள் இல்லாத காலை வேளையில் பார்ப்பதே சரி.

வேகத்துக்கு வருவோம். தண்ணீரில் வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். கால் பங்கு வேகம் கூட்டவே சக்தி இரட்டிப்பாகவேண்டும். 12 வோல்ற் மோட்டருக்கு 24 கொடுப்பவர்கள் பிறஷையும் வயரையும்தான் எரிக்கிறார்கள். றிலேயின் முனைகள் உருகி ஒட்டினால், கையை எடுத்தாலும் ஸ்கூட்டர் நிற்காது. தொங்கும் குழாய்களை உடலோடு ஒட்டிக் கட்டி, இழுகயிற்றைக் கால்களுக்கிடையே போகும் கவட்டு வாரின் வளையத்தில் சரியான நீளத்தில் மாட்டி, விசிறித் தண்ணீர் உங்கள் மேல் அடிக்காமல் பார்த்துக்கொண்டாலே பலருக்கு அந்த வேகம் கிடைத்துவிடும்.

மூடி வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றுங்கள்; விலை சொற்பம். கிறீஸை அப்பவேண்டாம், மினுங்கினால் போதும், கூடினால் மணல் ஒட்டும். 20 மீற்றர் ஆழத்தில், ஸ்கூட்டரின் 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள முன்மூடியில் 600 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழுகிறது. ஆகவே பற்றரி இல்லாமல், உள்ளே ஈயம் வைத்து, வள்ளத்திலிருந்து கயிற்றில் இறக்கிச் சோதித்த பிறகே பாவிக்கவேண்டும்.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், நம் மட்டக்களப்புக் கரைக்கு வெளியே 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லையே 40 மீற்றர். திருத்திய ஸ்கூட்டரை ஓட்டிப் பார்க்கும் இடம் அதுவல்ல. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது என்பது சுழியோடிகளுக்குத் தெரியும். ஸ்கூட்டர் மூக்கை உயர்த்தினால் அந்தக் கணக்கு சில விநாடிகளில் உடைந்துவிடும். அது நின்றுபோனால், கையிலிருக்கும் காற்றில் நீந்தித் திரும்பக்கூடிய தூரத்துக்கு அப்பால் போகவேண்டாம். மீன்வலை கண்டால் மோட்டரை நிறுத்திவிட்டு நீந்துங்கள்.

உள்ளே தண்ணீர் போய்விட்டால், உப்புநீரில் மின்சாரம் பாய்ந்து ஐதரசனும் குளோரினும் கிளம்பும். கரையில் அவசரப்பட்டுக் குனிந்து திறக்கவேண்டாம். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, மூடிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கொழுக்கிகளை மெதுவாகத் தளர்த்துங்கள். லிதியம் பொதி நனைந்திருந்தால் அதை ஆட்டோவிலோ வீட்டுக்குள்ளோ ஏற்றாமல், எரியக்கூடியது எதுவும் அருகில் இல்லாத வெட்டவெளியில் விட்டுவையுங்கள்.