ரோடு தோண்டும்போது செதுக்குன மான் கொம்பு கெடைச்சா இதெல்லாம் பண்ணிடாதீங்க

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைன்னு நம்ம பக்கம் வடிகாலுக்கும் கேபிளுக்கும் ரோட்டை தோண்டிக்கிட்டேதான் இருக்காங்க. மண்ணோட எலும்பு மாதிரி ஏதாச்சும் வந்தா மாட்டு எலும்புன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, ஒடஞ்ச பக்கத்தை ஒரு தடவை பாருங்க. மாட்டுக் கொம்பு உள்ள கூடா இருக்கும். புள்ளிமான், கடமான் கொம்பு முழுக்க எலும்பு, ஓரம் கெட்டியா, நடுவுல ரஸ்க் மாதிரி பொடிப்பொடி ஓட்டையா இருக்கும்.

பெரிய தப்பு கழுவறதுதான். கடலோர மண்ணு, தண்ணில உப்பு ஜாஸ்தி, ஈரத்தோட வந்த கொம்பை கழுவி மாடில வெயில்ல வெச்சா வேகமா காஞ்சு வெடிக்கும், உப்பு பூத்து மேல்தோல் செதில் செதிலா உரிஞ்சு வரும், அதுல இருந்த ரம்பக் கோடு, கத்தி கீறுன தடம் எல்லாம் அதோட போச்சு. ஃபெவிகால், வார்னிஷ் பக்கமே போகாதீங்க. ஒட்டியிருக்கற மண்ணோடவே ஒரு பாலித்தீன் கவர்ல போட்டு நிழல்ல வைங்க, போதும்.

அடுத்தது, அழகா இருக்கற சீப்பு, கைப்பிடி மட்டும் எடுத்துட்டு அறுத்துப் போட்ட துண்டையெல்லாம் விட்டுடறது. தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க! இங்கிலாந்துல யார்க் நகரம் கோப்பர்கேட்டுல 1976லேந்து 1981 வரைக்கும் தோண்டினப்போ வைகிங் (வட ஐரோப்பாலேந்து கப்பல்ல வந்தவங்க) காலத்து கொம்பு சீப்போட சேர்ந்து அறுத்த கழிவும் வந்துச்சு, அங்கயே ஒக்காந்து வேலை பாத்திருக்காங்கன்னு சொல்றது அந்தக் கழிவுதான். கொம்போட அடிப்பாகம் கெடைச்சா இன்னும் விசேஷம், தானா உதிர்ந்ததா, மண்டையோட வெட்டுனதான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

ஆழத்தை வெச்சு சோழர் காலம், பல்லவர் காலம்னு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க, பள்ளமான எடமெல்லாம் வேற எங்கேந்தோ மண்ணு கொண்டாந்து ரொப்புனதா இருக்கலாம். எடுக்கறதுக்கு முன்னாடியே பக்கத்துல ஒரு பத்து ரூபா காயின் வெச்சு போட்டோ எடுங்க, தெரு, எவ்ளோ ஆழம், என்ன கலர் மண்ணுன்னு குறிச்சுக்கோங்க. ஜேசிபி ஓடும்போது மட்டும் குழிக்குள்ள எறங்காதீங்க, சூப்பர்வைசர்கிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லுங்க.

விக்கலாம்னு நெனப்பே வேணாம், மான் கொம்பு வியாபாரம் 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம். 1878 புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ள கெடைச்ச பொருள் பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுதித் தரணும், தாசில்தார் ஆபீஸ்ல கொடுத்தா கையோட ரசீது கேட்டு வாங்கிக்கோங்க.